சுண்டல் மூட்டையில் வண்டு: திருவொற்றியூர் மொட்டை மாடியில் செய்து பார்த்தவை

கீழ்வீட்டு அக்கா சுண்டல் வண்டி போடுபவர். பட்டாணி, கொண்டைக்கடலை, காராமணி மூன்றும் மாற்றி மாற்றி ஓடும். சரக்கைக் கொத்தவால்சாவடிப் பக்கத்து மொத்தக் கடை ஒன்றில் மூட்டையாக எடுத்து, படிக்கட்டுக்கு அடியில் உள்ள சின்ன அறையில் போட்டு வைப்பார். ஏப்ரல் கடைசியில் 30 கிலோ காராமணி மூட்டையைப் பிரித்தால் சாக்கின் உள்பக்கமெல்லாம் பழுப்பு வண்டு ஊர்கிறது. "வாங்குறப்ப கையை உள்ள வுட்டு அள்ளிப் பார்த்தேன் தம்பி, ஒரு பூச்சி கெடையாது. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். அவர் பார்த்தபோது பூச்சி இல்லை என்பது உண்மை. கடைக்காரர் ஏமாற்றவில்லை என்பதும் அநேகமாக உண்மை. வண்டு அப்போது பயறுக்கு உள்ளே இருந்தது.

நான் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்ப்பவன். பூச்சியியல் படித்தவன் இல்லை. வேலைக்கென்று வைத்திருக்கும் கம்பி சொருகும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும், சர்க்யூட் போர்டு பார்க்கும் பூதக்கண்ணாடியும் கையில் இருந்தன. மே மாத வெயிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த மூட்டையைக் காப்பாற்ற என்னென்ன செய்தோம், எது வேலை செய்தது, எது வெறும் மனத்திருப்திக்கு என்பதை எழுதி வைக்கிறேன்.

எந்தப் பூச்சி, எங்கே இருக்கிறது

அரிசியில் வருகிற நீள மூக்கு வண்டு வேறு. இது பயறு வண்டு. ஏறக்குறைய 3 மி.மீ. நீளம், முதுகு லேசாகக் கூன், இறக்கை மூடி உடம்பின் கடைசிவரை எட்டாமல் பின்பக்கம் கொஞ்சம் வெளியே தெரியும். நம் ஊர்ப் பயறுகளில் அடிக்கடி பார்ப்பவை இரண்டு: கலோசோபுருக்கஸ் சைனென்சிஸ், கலோசோபுருக்கஸ் மாகுலேட்டஸ். முதலாவதற்கு 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார். ஆண் வண்டின் உணர்கொம்பைப் பார்த்துப் பிரித்துவிடலாம். சைனென்சிஸ் ஆணுக்குச் சீப்புப் பற்களாக விரிந்திருக்கும், மாகுலேட்டஸுக்கு ரம்பப் பல் அளவோடு நின்றுவிடும். எங்கள் மூட்டையில் இருந்தது ரம்பப் பல் சாதி.

காராமணியை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பயறின் தோலில் நீளவாட்டத்தில் ஒரு சின்ன மேடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, வார்னிஷ் துளி தெறித்துக் காய்ந்த மாதிரி. அதுதான் முட்டை. விரலால் தேய்த்தால் வராது. பசை போட்டு ஒட்டியிருக்கிறது. சில முட்டைகள் கண்ணாடியாகத் தெரிகின்றன, சில சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கின்றன. இந்த நிற வித்தியாசம் முக்கியம். புழு முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருவதில்லை. ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்திலேயே ஓட்டை போட்டு நேராகப் பயறுக்குள் இறங்குகிறது. குடைந்த தூளைப் பின்னால் தள்ளித் தள்ளிக் காலியான முட்டைக் கூட்டை நிரப்பிவிடுகிறது. அதனால்தான் வெள்ளை. ஆகவே வெள்ளை முட்டை இருந்தால் அந்தப் பயறுக்குள் புழு நுழைந்தாயிற்று என்று அர்த்தம்.

அதற்கப்புறம் வெளியே எதுவும் தெரியாது. புழு உள்ளேயே நான்கு பருவம் வளர்ந்து, கூட்டுப்புழுவாகும் முன் தோலுக்கு மிக அருகில் வந்து, உள்பக்கத்தைச் சுரண்டித் தோலை மட்டும் மெல்லிய தாளாக விட்டுவைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் இருண்ட வட்டமாகத் தெரியும். அப்படி ஒன்றை நகத்தால் அழுத்தினேன். வட்டமான மூடி கழன்று வந்தது. உள்ளே கால்களை மடக்கிக்கொண்டு முழு வண்டு ஒன்று படுத்திருந்தது. வெளிச்சம் பட்டதும் கொம்பை அசைத்தது. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இதையா நான் வேக வெச்சு வித்துங்கினு இருந்தேன்" என்றார். நானும் அவர் வண்டியில் தின்றவன்தான், அதனால் பேச்சை மாற்றிவிட்டேன்.

நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து வண்டு வரை ஏறத்தாழ ஒரு மாதம். பெண் வண்டு ஏறத்தாழ 80 முட்டை வைக்கும், 100 தாண்டுவதும் உண்டு. வளர்ந்த வண்டு பயறைத் தின்பதே இல்லை. ஒன்றிரண்டு வாரம் வாழும், சேரும், முட்டை வைக்கும், செத்துவிடும். சேதம் முழுக்கப் புழுவுடையது. அதனால் ஊர்கிற வண்டைச் சல்லடையில் சலித்துக் கொட்டிவிட்டு "சுத்தம் பண்ணியாச்சு" என்று மூட்டையைக் கட்டினால், ஒரு மாதத்தில் அடுத்த படை வரும். அக்கா வருடக்கணக்காக இதைத்தான் செய்துகொண்டிருந்தார். நம்மில் பலர் வீட்டில் நடப்பதும் இதுதான்.

இது கடையில் தொடங்குவதும் இல்லை. மாடியில் பழைய நீல டிரம்மில் என் அம்மா காராமணிக் கொடி விட்டிருக்கிறார். விதைக்காகக் கொடியிலேயே காயவிட்ட நெற்றுகளைப் பறித்து லென்ஸில் பார்த்தேன். நெற்றின் மேல் அதே மேடுகள். வயலில் காய் முற்றும் நேரத்தில் வண்டு பறந்து வந்து நெற்றின் மேல் முட்டை வைக்கிறது, புழு நெற்றின் சுவரைத் துளைத்து உள்ளே இருக்கும் விதைக்குப் போகிறது. அறுவடை, களம், லாரி, மொத்தக் கடை, நம் வீட்டுச் சாக்கு எல்லாம் அதற்கு ஒரே பயணம். மூட்டைக்குள் கூட்டமும் சூடும் ஏறினால் மாகுலேட்டஸ் தன் பிள்ளைகளில் ஒரு பகுதியைப் பறக்கும் வகையாகப் பெற்றுவிடும். உடம்பில் கொழுப்பு அதிகம், உடனே முட்டை வைக்காது, வெளியே பறந்து போய்ப் புது இடம் தேடும். குழல் விளக்கைச் சுற்றி இந்த வண்டு பறக்கிறது என்றால் எங்கோ ஒரு டப்பாவில் இடம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் பிரித்தது

மூட்டையை மூன்றாகப் பிரித்தோம். முறத்தில் புடைத்து, சலித்து, ஓட்டை விழுந்ததை அக்காவும் அம்மாவும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஓட்டை நிறைய இருந்த பகுதி எதிர்வீட்டுப் புறாக் கூண்டுக்குப் போய்விட்டது. வடசென்னையில் பயறு வீணாகப் போக வழியில்லை, எந்தத் தெருவிலும் புறா வளர்ப்பவர் ஒருவர் இருப்பார். பூசணம் பிடித்ததை மட்டும் அவரும் வேண்டாம் என்றார், அது சரிதான்.

ஓட்டை விழுந்த பயறை மனிதர் ஏன் தின்னக்கூடாது என்று அக்கா கேட்டார். வெந்தால் எல்லாம் செத்துப்போகுமே என்பது அவர் கட்சி. பூச்சி சாகும், ஆனால் அது உள்ளே விட்ட கழிவு எங்கே போகும்? அந்தக் கசப்பும் வாடையும் யூரிக் அமிலம் சேர்ந்த அந்தக் கழிவால் வருவது. தானியத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் யூரிக் அமிலம் இருக்கக்கூடாது என்று நம் நாட்டு உணவு விதியிலேயே இருக்கிறது. ஊறவைக்கும்போது மிதப்பதை எடுத்துவிட்டால் போதும் என்பதும் பாதி உண்மைதான். வண்டு வெளியேறிய பயறு மிதக்கும். சின்னப் புழு உள்ளே இருக்கும் பயறு கனமாக அடியில்தான் கிடக்கும்.

மிச்சம் நல்லதாகத் தெரிந்ததில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளை முட்டை அங்கங்கே இருக்கத்தான் செய்தது. அதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆளாளுக்குச் சொன்னவை

தெருவில் விஷயம் தெரிந்ததும் யோசனைகள் வந்து குவிந்தன. வேப்பிலை போடு, காய்ந்த மிளகாய் போடு, பூண்டு, கிராம்பு. இவற்றின் வாடைக்குப் புது வண்டு சற்று ஒதுங்கலாம். ஏற்கெனவே பயறுக்குள் இருக்கும் புழுவுக்கு மேலே கிடக்கும் வேப்பிலை ஒரு பொருட்டே இல்லை. இதை நம்பாதவர்களுக்காக ஒரு பாட்டிலில் வேப்பிலையோடு போட்டு வைத்தேன், கதை பின்னால்.

வசம்புத் தூள் நிஜமாகவே வேலை செய்யும். 100 கிலோ விதைக்கு 1 கிலோ என்று கலப்பார்கள். ஆனால் அது விதைக்கு மட்டும். வசம்பில் உள்ள அசரோன் என்ற சத்து நல்லதில்லை என்று அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் தின்னும் சுண்டலுக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அம்மாவின் காராமணி விதைக்கு மட்டும் கொஞ்சம் கலந்து வைத்தோம்.

"மாத்திரை ஒண்ணு போட்டா ஒரு ராத்திரில காலி" என்று ஒருவர் சொன்னார். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு விடும். அந்த வாயு பயறுக்குள்ளும் போகும், பூட்டிய கதவின் இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். முறிவு மருந்து கிடையாது. பெரிய கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் தார்ப்பாய் மூடிச் செய்கிற வேலை அது, வீட்டில் புழங்க அனுமதியும் இல்லை. படிக்கட்டு அறைக்கு ஒட்டினாற்போல அக்காவின் பேரப்பிள்ளைகள் படுத்துத் தூங்குகிறார்கள். பேச்சே இல்லை.

விளக்கெண்ணெய் யோசனையை அம்மா சொன்னார். துவரம்பருப்புக்கு அந்தக் காலத்தில் தடவி வைப்பார்களாம். இது நல்ல வழி, ஆனால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய வழி. எண்ணெய்ப் பூச்சு முட்டைக்கு மூச்சு அடைத்துவிடும், புதிதாக வைக்கும் முட்டையும் சரியாக ஒட்டாது. ஆழமாக உள்ளே போய்விட்ட புழுவை அது எட்டாது. முதலில் உள்ளே இருப்பதைக் கொன்றாக வேண்டும், எண்ணெய் அப்புறம்.

உள்ளே இருப்பதைக் கொல்ல விஷம் இல்லாமல் மூன்று வழிதான்: சூடு, குளிர், காற்றை அடைப்பது. இரண்டாவது என் தொழில் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன். 20 கிலோவுக்கு மேல் இருப்பதை எந்த ஃப்ரீசரில் திணிப்பது? அதனால் சூடு.

மாடியில் வெயில் பொட்டலம்

பயறை வெயிலில் காயவைப்பது புதிதா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் திறந்த வெயிலில் எதையும் காயப்போட முடியாது. ஆலைகள், துறைமுகம், இரவு பகலாக ஓடும் கண்டெய்னர் லாரிகள். பாயில் விரித்த வடகத்தைச் சாயங்காலம் எடுத்தால் விரலில் கறுப்பு ஒட்டும். இன்னொன்று, திறந்த வெயிலில் பயறு எவ்வளவு சூடாகிறது என்று அளந்தும் பார்த்தேன். மே முதல் வாரம், நண்பகல், பாயில் பரப்பிய காராமணிக்குள் கம்பியைச் சொருகினால் 46 டிகிரி. வண்டுக்கு அசௌகரியம், எழுந்து நடந்துவிடும். புழுவுக்கு அது மரண தண்டனை இல்லை.

தேவை 57 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எதுவும் தப்பாது. ஆப்பிரிக்காவில் காராமணி விவசாயிகளுக்காகக் கண்டுபிடித்துப் பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு. கீழே வெப்பம் தரையில் இறங்காமல் தடுக்க ஒரு மெத்தை, அதன் மேல் கறுப்புத் தாள், அதில் மெல்லியதாகப் பயறு, மேலே கண்ணாடித் தாள், ஓரத்தைச் சுற்றிக் கல். அவ்வளவுதான். கறுப்பு வெயிலைக் குடிக்கும், மேல்தாள் சூட்டை வெளியே விடாது. தூசியும் படியாது என்பது எங்களுக்குக் கூடுதல் லாபம்.

எங்கள் மாடியில் வெள்ளை டைல்ஸ். அது வெயிலைத் திருப்பி அனுப்பவென்றே போட்டது, இந்த வேலைக்கு எதிரி. ஆகவே முதலில் இரண்டு பழைய கோரைப்பாயை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தேன். அதன் மேல் கட்டட வேலைக்கு வாங்கும் கறுப்பு பாலித்தீன். பயறை 2 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பினோம். மேலே கண்ணாடித் தாள், நான்கு ஓரத்தையும் கீழ்த்தாளோடு சேர்த்துச் சுருட்டி மேலே செங்கல். தெர்மாமீட்டர் கம்பியை ஓரம் வழியாக நடுவுக்கு விட்டேன்.

காலை 10 மணிக்கு மூடியது. 11-க்குக் கொஞ்சம் தாண்டி நடுவில் 58. நண்பகலில் 64. அக்கா மாடிப்படியில் நின்றுகொண்டு எண்ணைக் கேட்டுக் கேட்டுக் கீழே அறிவித்துக்கொண்டிருந்தார். ஆனால் கம்பியை ஓரத்துக்கு நகர்த்தினால் 51-தான். நடுவில் ஜெயித்து ஓரத்தில் தோற்றால் என்ன பயன்? ஓரத்தில் தப்பும் கொஞ்சம் போதும், மாதத்தில் முழுவதும் பழையபடி ஆகிவிடும். அடுத்த ஈட்டில் இரண்டு மாற்றம் செய்தோம். தாளின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பயறே இல்லாமல் விட்டோம். பாதி நேரத்தில் மேல்தாளைத் திறக்காமலே கையால் நீவி ஓரத்துப் பயறை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் தள்ளினோம். அப்போது ஓரமும் 58 காட்டியது.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் எங்களுக்குக் கடற்காற்று சீக்கிரமே வந்துவிடும். மதியம் 1 மணி தாண்டி அது கிளம்பியதும் பொட்டலத்தின் சூடு மளமளவென்று இறங்கியது. பத்திலிருந்து ஒன்று வரைதான் எங்கள் நேரம். உள்ளே தள்ளியிருக்கும் அம்பத்தூர், செங்குன்றம் பக்கம் இன்னும் நேரம் கிடைக்கும்.

பயறிலிருந்து ஈரம் கிளம்பி மேல்தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நிற்கும். எடுக்கும்போது அதைத் துடைக்காமல் தாளை உருவினால் அத்தனையும் பயறில் கொட்டும். துடைத்துவிட்டு, பயறை வீட்டுக்குள் எடுத்து வந்து மின்விசிறிக்கு அடியில் நன்றாக ஆறவிட்ட பிறகுதான் கட்டினோம். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும், வண்டை ஒழித்துவிட்டுப் பூசணத்தை வளர்த்த கதையாகிவிடும்.

முளைப்புத்திறன் போய்விடுமோ என்று அம்மாவுக்குக் கவலை. பொட்டலத்தில் வைத்து எடுத்த காராமணியில் ஒரு கைப்பிடி ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டார். முளை வந்தது. அக்கா வேக வைத்தும் பார்த்தார், குக்கரில் எப்போதும் விடுகிற விசில்தான் விட்டார்.

பாட்டில் வரிசை

வேலை செய்ததா என்று அன்றைக்கே சொல்ல முடியாது, ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். சுத்தமான சின்ன பெட் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றிலும் அதே மூட்டைக் காராமணியைப் போட்டு ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தேன். ஒன்றில் எதுவும் செய்யாதது, வாயில் துணி கட்டியது. ஒன்றில் வேப்பிலை, துணி. ஒன்றில் கடலை எண்ணெய் மட்டும் தடவியது, துணி. ஒன்றில் வெயில் பொட்டலத்தில் இருந்தது, துணி. கடைசிப் பாட்டிலில் எதுவும் செய்யாத பயறையே கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றினேன்.

ஜூன் நடுவில் துணி கட்டிய முதல் பாட்டில் பார்க்கச் சகிக்கவில்லை. வேப்பிலைப் பாட்டிலும் ஏறக்குறைய அப்படியே, சருகான இலையின் மேல் வண்டு ஏறி உட்கார்ந்திருந்தது. வேப்பிலைக் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இலை பழசாயிருக்கும்" என்றார்கள். எண்ணெய்ப் பாட்டிலில் வண்டுகள் கொஞ்சம் வந்தன, ஏற்கெனவே உள்ளே போயிருந்தவை. ஆனால் பயறின் மேல் புது முட்டை அபூர்வம். வெயில் பாட்டிலில் எதுவும் அசையவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது டேப் சுற்றிய பாட்டில். எதுவும் செய்யாத பயறு, ஆனால் அமைதி. சில வண்டுகள் வெளியே வந்து செத்துக் கிடந்தன, அப்புறம் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் பூச்சியே மூச்சு விட்டு விட்டு இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. குறைந்ததும் புழு தின்பதை நிறுத்திவிடும். காய்ந்த பயறுக்குள் அதற்குத் தண்ணீர் கிடைப்பதே தின்றதை எரிக்கும்போது உண்டாகிற ஈரத்தில்தான். தின்ன முடியாவிட்டால் அதுவும் இல்லை, உள்ளேயே வறண்டு சாகிறது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் கேமரூன் நாட்டில் இதை வைத்துத்தான் மூன்றடுக்குப் பையை உருவாக்கினார்கள். உள்ளே இரண்டு கனத்த பாலித்தீன் பை, வெளியே சாக்கு. மருந்தே இல்லாமல் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் காராமணி அப்படித்தான் இருக்கிறது.

எதுவும் செய்யாமல் துணி கட்டிய முதல் பாட்டிலில் இன்னொரு விருந்தாளியும் இருந்தது. எறும்பைவிடச் சின்ன, கறுத்த ஒரு குளவி. பயறு பயறாக ஏறிக் கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்தது, ஒன்றின் மேல் நின்று வயிற்றை வளைத்துக் குத்தியது. தினார்மஸ் என்கிற வகைக் குளவிகள் இப்படித்தான் பயறுக்குள் இருக்கும் வண்டுப் புழுவின் மேல் முட்டை வைக்கும், குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளரும். பயறைத் தொடாது, மனிதரைக் கொட்டாது. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதை நம்பி மூட்டையை விட முடியாது, வண்டு பெருகிய பிறகுதான் குளவிக்கே சாப்பாடு.

குளிர் யாருக்கு

வீட்டுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ வாங்குபவர்களுக்கு ஃப்ரீசர் போதும். மைனஸ் 18 டிகிரியில் நாலைந்து நாள் இருந்தால் முட்டை முதல் எல்லாம் சாகும். ஆனால் தொழில்காரனாக ஒரு வார்த்தை. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் அறை பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது, ஐஸ் கட்டி உறைவதை வைத்து நம்பிவிடாதீர்கள். தனிக் கதவு ஃப்ரீசர் என்றால் சரி. பயறு குளிரை மெதுவாகத்தான் உள்ளே விடும், ஆகவே பெரிய பையாக வைக்காமல் தட்டையான அரைக்கிலோப் பொட்டலங்களாக வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் சென்னைக் காற்றில் உள்ள ஈரமெல்லாம் பயறின் மேல் வந்து உட்காரும்.

இப்போது நடப்பது

படிக்கட்டு அறையைக் காலி செய்தோம். மரப்பலகை இடுக்கில் பழைய கொண்டைக்கடலை நாலு கிடந்தது, நாலிலும் ஓட்டை. இதிலிருந்துதான் ஒவ்வொரு மூட்டைக்கும் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இடுக்கைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். பழைய சாக்குகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவைத்தோம். பழைய சரக்கின் மேல் புதுச் சரக்கைக் கொட்டுவதில்லை என்று அக்கா சத்தியம் செய்திருக்கிறார்.

புது மூட்டை வந்தால் வெயில் இருக்கும் மாதங்களில் நேராக மாடிக்கு. ஆறியதும் ரப்பர் வளையமும் இரும்புப் பூட்டு வளையமும் உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் விளிம்புவரை. டிரம் பழையது, ரசாயனம் வந்த டிரம்மை வாங்காதீர்கள், உணவுப் பொருள் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மூடியைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி மேலே அழுத்திப் பார்த்தேன், கேஸ் லீக் பார்க்கிற அதே முறை. குமிழி வந்த இடத்தில் ரப்பரை மாற்றினேன். தினம் திறந்து மூடினால் காற்றடைப்புக்கு அர்த்தம் இல்லை. அதனால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் தனியாக எடுத்து, கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் தடவி வெளி டப்பாவில் வைக்கிறார். எண்ணெய் அதிகமானால் நாளடைவில் சிக்கு வாடை வரும், அந்த அளவே போதும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தானியப் பூச்சிக்கு ஒரு குழாய்ப் பொறி வடிவமைத்திருக்கிறது. துளைகள் உள்ள குழாயைப் பயறுக்குள் சொருகி வைப்பது. காற்றோட்டத்தை நாடிப் போகிற வண்டு துளை வழியாக உள்ளே விழும், ஏற முடியாது. அதன் சாயலில் பிவிசி பைப் துண்டில் துளை போட்டு, அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் குப்பி பொருத்திச் செய்தேன். முதலில் 2 மி.மீ. துளை போட்டேன், அப்புறம் 3 ஆக்கினேன், காராமணி நுழையாது, வண்டு தாராளமாக நுழையும். இது வண்டை ஒழிக்காது. வண்டு வந்துவிட்டதா என்று சொல்லும், அதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே. வெளி டப்பாவில் ஒன்று சொருகியிருக்கிறது, அக்கா வாரம் ஒருமுறை குப்பியைக் கழற்றிப் பார்க்கிறார்.

பட்டாணிக்கும் கொண்டைக்கடலைக்கும் இதே நடைமுறை. உடைத்த பருப்புக்கு இந்த வண்டின் தொல்லை குறைவு, முழுப் பயறில்தான் அது முட்டை வைக்க விரும்பும், அதனால் பருப்பாக உடைத்து வைப்பதே ஒரு பாதுகாப்பு. ராஜ்மா வாங்குபவர்கள் இந்த வண்டை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அதே அறையில் இருந்த ராஜ்மா ஜாடியில் நாலைந்து பயறின் மேல் முட்டை ஒட்டியிருந்தது, ஒன்றில்கூட ஓட்டை இல்லை. ராஜ்மாவில் உள்ள ஒரு புரதம் மாவுச்சத்தைச் செரிக்க விடாமல் இந்தப் புழுவைப் பட்டினி போட்டுவிடும். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை ஆஸ்திரேலியாவில் பட்டாணிக்கு மாற்றிப் பார்த்தார்கள், எலிகளுக்கு ஒவ்வாமை காட்டியதும் 2005-ல் கைவிட்டார்கள்.

மழை மாதங்களுக்குத்தான் இன்னும் வழி முழுதாக அமையவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாடியில் 57 டிகிரி கனவுதான். நவராத்திரிக்குச் சுண்டல் வியாபாரம் சூடாக இருக்கும் நேரமும் அதை ஒட்டியே வருகிறது. அதற்கு வேண்டியதைச் செப்டம்பர் வெயிலிலேயே வாங்கி, மாடியில் வைத்தெடுத்து, இரண்டாவது டிரம்மில் அடைத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். டிரம் இன்னும் கிடைக்கவில்லை. மூலக்கொத்தளம் பக்கம் பழைய டிரம் விற்கும் இடம் ஒன்றை ஒருவர் சொல்லியிருக்கிறார், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.